ஏறுவது நெஞ்சுக்கு, இறங்குவது தொடைக்கு

டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு நடந்தே இறங்கிய நாளன்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை. மறுநாள் காலையில் தொடை லேசாகப் பிடித்தது. அதற்கும் மறுநாள், போடியில் தங்கியிருந்த வீட்டின் மாடிப்படியில் வலது காலைக் கீழே வைத்ததும் தொடை என்னைக் கைவிட்டுவிட்டது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே வாசலில் நின்றிருந்த வீட்டுக்கார அம்மா ஏலத்தோட்டத்தில் இருபது வருஷம் காய் எடுத்தவர். "ரெண்டாம் நாள்தான் தம்பி பிடிக்கும். எங்களுக்கும் சீசன் தொடங்குன மொத வாரம் இப்படித்தான், உக்காந்தா எந்திரிக்க முடியாது. அப்புறம் அது பாட்டுக்குப் போயிரும்" என்றார்.

ரெண்டாம் நாள் ஏன்? "அப்புறம்" எப்படிப் போகிறது? வலுப்பயிற்சியை யாருக்கு எப்படி அமைப்பது என்ற கேள்விக்கு இந்த இரண்டிலிருந்துதான் நான் விடை தேடத் தொடங்கினேன்.

நான் இறங்கியது மூணாறு தேயிலை போடி வழியாகக் கீழே போன காலத்துப் பாதை. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டிகள் ஓடின. 1908இல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷன் வரை வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. (2018 மார்ச்சில் குரங்கணி மலையில் எழுந்த காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் பலர் உயிரிழந்தார்கள். வனத்துறை அனுமதியில்லாமல் இந்தப் பாதையில் யாரும் கால் வைக்க வேண்டாம்.)

இங்கே ஒற்றைத் தண்டவாளம் போட்ட அதே 1902இல், அமெரிக்காவில் தியோடர் ஹஃப் என்ற உடலியங்கியலாளர் தசைவலியைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். வேலை செய்யும்போதே வரும் களைப்பு வலி ஒன்று, மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வலி வேறொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகைக்குக் காரணம் தசைக்குள்ளே ஏற்படும் நுண்ணிய கிழிசலாக இருக்க வேண்டும் என்றார். ஜிம்மில் இன்றும் இதற்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றம் சொல்கிறார்கள். அந்த அமிலம் ஓய்வெடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். ரெண்டாம் நாள் வரை அது காத்திருப்பதில்லை.

ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை இழுபட்டு நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. குரங்கணிச் சரிவு ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான இறக்கம். ஓர் அடிக்கு ஒரு சாண் இறங்கினாலும் ஏறத்தாழ 5,000 பிரேக்குகள். 1952இல் இங்கிலாந்தில் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையைத் தடுக்க வேண்டும். இருவர் கால்களிலும் விசை ஒன்றுதான். ஆனால் தடுத்தவருக்குச் செலவான ஆக்ஸிஜன் மிகமிகக் குறைவு. நான் மூச்சு வாங்காமல் இறங்கியதன் ரகசியம் இதுதான். செலவு குறைவதற்குக் காரணம், நீளும்போது தசை குறைந்த எண்ணிக்கையிலான இழைகளைக் கொண்டே அந்த விசையைத் தாங்கிவிடுவது. அதனால் ஒவ்வோர் இழைமேலும் இழுவை கூடுகிறது. சில இடங்களில் உள்கட்டமைப்பு பிசகுகிறது. அதைச் சரிசெய்ய உடம்பு ஆட்களை அனுப்ப, வீக்கமும் வலியும் ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வருகின்றன.

இனிதான் எனக்குப் பிரமிப்பான பகுதி. அதே இறக்கத்தை இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி இறங்கினால் வலி பாதிகூட இருக்காது. அதற்குள் தசை பெருத்துவிடவில்லை. ஒரே ஒரு தடவை பட்ட அடியிலிருந்து உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. இந்தப் பாதுகாப்பு பல வாரம், சில சமயம் பல மாதம்கூட நீடிக்கிறது. நரம்பு வேலையைப் பங்கிடும் விதம் மாறுகிறது. இழைகளும் அவற்றைச் சுற்றிய உறையும் உறுதிப்படுகின்றன. அம்மா சொன்ன "அப்புறம் அது பாட்டுக்குப் போயிரும்" இதுதான். ஆகவே, ஒரே பயிற்சி ஒரே ஆளுக்கு இரண்டாம் முறை அதே பயிற்சி அல்ல. அனுபவம் என்று நான் சொல்வது இதைத்தான். எத்தனை கிலோ தூக்குகிறார் என்பதைவிட, தூக்கியதிலிருந்து எத்தனை நாளில் மீள்கிறார், மீண்டபின் எவ்வளவு கூட்ட முடிகிறது என்பதை வைத்துத்தான் ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்ல முடியும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் சில வாரங்களில் பலம் மளமளவென ஏறும். சட்டைக்கை இறுகாது, ஆனால் எடை ஏறும். மோரிதானியும் டிவ்ரீஸும் 1979இல் எட்டு வாரப் பயிற்சியைப் பின்தொடர்ந்து, தொடக்க வாரங்களின் வளர்ச்சி பெரும்பாலும் நரம்பினுடையது, தசை பெருப்பது அதற்குப் பின்னால்தான் என்று காட்டினார்கள். இதைவிடப் பழைய சான்று ஒன்றும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் 1894இலேயே ஸ்கிரிப்ச்சரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கையை மட்டும் பழக்கிப் பார்த்தார்கள். சும்மா இருந்த மறுகையும் பலம் பெற்றது! தசை மட்டுமே காரணமென்றால் இது நடக்க வழியே இல்லை. தசையை இயக்கும் ஒவ்வொரு நரம்பணுவும் தனக்கென ஒரு கூட்டம் தசை இழைகளை வைத்திருக்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் அந்தக் கூட்டத்தில் பத்துப் பேர் இருக்கலாம். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். சிறிய கூட்டம் முதலில் எழும், பளு கூடக் கூடப் பெரிய கூட்டங்கள் எழும். பழகாதவருக்குக் கடைசிக் கூட்டங்களை எழுப்பத் தெரியாது. முதல் மாதம் முழுக்க நடப்பது இந்த எழுப்பல்தான்.

வயதானவர்களுக்கு இதில் இடமில்லை என்று நினைப்பவர்களுக்கு: 1990இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களை மரியா ஃபியாடரோன் குழு எட்டு வாரம் தொடைப்பயிற்சி செய்யவைத்தது. சராசரியாக 174 சதவீதம் பலம் கூடியது. தொடைத்தசையின் பருமன் கூடியதோ 9 சதவீதம்தான். நடுவில் உள்ள அந்த இடைவெளியின் பெரும்பகுதி நரம்பு செய்த வேலை.

சரி, எவ்வளவு எடை, எத்தனை தடவை? இதற்கு ஒழுங்கான கணக்குப் போட்டவர் தாமஸ் டிலோர்ம் என்ற இளம் ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் கால் முறிந்து வந்த சிப்பாய்களை, லேசான எடையைப் பலமுறை தூக்கவைக்கும் பழைய வழக்கத்தை விட்டு, கனமான எடையைச் சிலமுறை தூக்கவைத்தார். 1945இல் அதைப் பற்றி எழுதினார். பத்துத் தடவை முடிந்து பதினொன்றாவது முடியாத எடை எதுவோ, அதுவே அவருடைய அளவுகோல். பின்னாளில் மூன்று சுற்றாகச் சுருக்கினார்: அந்த எடையில் பாதி பத்து முறை, முக்கால் பத்து முறை, முழுசு பத்து முறை. வாரங்கள் போகப்போக எடை கூடும். இன்று ஜிம்மில் பையன்கள் சொல்லும் "மூணு செட், பத்து ரெப்" பெரிதும் அந்த மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வந்ததுதான்.

வீட்டிலேயே தொடங்க நினைப்பவருக்குத் தண்ணீரைவிட நல்ல எடைக்கல் கிடையாது. ஒரு லிட்டர் ஒரு கிலோ. கடைக்காரரை நம்பத் தேவையில்லை. மூடியுள்ள கேனில் ஐந்து லிட்டர் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து எழுங்கள். பத்துத் தடவை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரம் மூன்று நாள். இரண்டு முறை தொடர்ந்து பன்னிரண்டு தடவை சுலபமாக வந்துவிட்டதா, அரை லிட்டர் கூட ஊற்றுங்கள். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் சொன்ன 2 முதல் 10 சதவீத ஏற்றம் இந்த அரை லிட்டரில் அடங்கிவிடுகிறது. இதோடு சுவரில் கை ஊன்றிய தண்டால், தரையிலிருந்து கேனைத் தூக்குவது, கேனோடு நடப்பது. புதியவருக்கு இவ்வளவே ஏராளம். அவசரம் மட்டும் ஆகாது. தசை சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் தேறப் பல மாதம் எடுக்கும். மூன்றாம் மாதம் முழங்காலும் தோளும் வலிக்கிறது என்று விட்டுவிடுகிறவர்களில் பலர் இந்தக் கால வித்தியாசத்தில் மாட்டிக்கொண்டவர்கள். நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

ஒரு தடவைக்கு ஒரு கிலோ, வாரம் மூன்று தடவை என்று கூட்டிக்கொண்டே போனால் வருஷக் கடைசியில் 156 கிலோ ஏறியிருக்க வேண்டும். யாருக்கும் ஏறுவதில்லை. கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கி, அது காளையான பிறகும் தூக்கினான் என்று கிரேக்க மல்லன் மைலோவைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் கதை முதல் ஆறு மாதத்துக்கு உண்மை. அதன்பின் ஒரே நாள் பயிற்சி உடம்பை அசைக்காது. அசைக்கும் அளவு செய்தால் அடுத்த முறைக்குள் மீள முடியாது. அங்கே வாரத்தைத்தான் அலகாகப் பிடிக்க வேண்டும். திங்கள் கனம், புதன் லேசு, வெள்ளி நடுத்தரம் என்று வைத்து வாரத்துக்கு ஒருமுறை எடை கூட்டலாம். பல வருஷம் பழகியவருக்கு மாதம்தான் அலகு. மூன்று வாரம் ஏற்றி, நாலாவது வாரம் வேண்டுமென்றே இறக்கி, பிறகு ஒரு புது உயரம் தொடுவார். அனுபவம் கூடக் கூட ஏணிப்படிகளின் இடைவெளி அகல்கிறது. பழகியவரின் அட்டவணையைப் புதியவர் செய்தால் காயம். புதியவருடையதைப் பழகியவர் செய்தால் தேக்கம்.

தென்மாவட்டக் கிராமங்களில் கோயில் பக்கமோ சாவடி ஓரமோ கிடக்கும் இளவட்டக்கல்லை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். வழவழப்பான உருண்டை, விரல் பிடிக்க ஓரிடமும் இருக்காது. குந்தி அணைத்து, தொடைக்கு உருட்டி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளைத் தாண்டிப் பின்னால் எறிய வேண்டும். அந்தக் கல் ஒரு பரீட்சைத் தாள். அதன் எடை மாறாது, நாம்தான் மாறிக்கொண்டு வர வேண்டும். நெல்லைச் சீமையின் வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் போட்டியில் வெவ்வேறு எடையில் கற்கள் வைத்திருப்பதும் பெண்கள் தூக்குவதும் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

சுமைத் தொழிலாளியின் மூட்டையில் அப்படி வெவ்வேறு எடை இல்லை. ஐம்பது கிலோ மூட்டை, முதல்நாள் வேலைக்கு வந்த பையனுக்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் ஐம்பது கிலோதான். 1967இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அது உச்சவரம்பு மட்டுமே, ஏணி இல்லை. ஏலத்தோட்டத்துப் பெண்கள் நிலைமை வேறு. ஏலச்செடியில் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தட்டையின் அடியிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டி வரும் சரத்தில்தான். விடிகாலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டிப் போய், நாள் முழுக்கக் குந்தியும் குனிந்தும் முற்றிய காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். இது உழைப்பு, பயிற்சி இல்லை. பயிற்சியில் பளு படிப்படியாக ஏறும், நடுவில் ஓய்வு இருக்கும், வலித்தால் நிறுத்தும் உரிமை இருக்கும். "அவங்க செய்யாத எக்சர்சைஸா" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இருபது வருஷம் குந்தியவரின் முழங்கால் அந்த ஒரு கோணத்தில் தேர்ச்சி பெற்றிருக்கும். முதுகை நிமிர்த்தும் தசையும் தோளைப் பின்னுக்கு இழுக்கும் தசையும் பாடமே தொடங்காமல் இருக்கும். ஒரே உடம்பில் ஓரிடம் பழுத்த அனுபவம், இன்னோரிடம் முதல் வகுப்பு.

ஆனால் அவர்கள் வருஷத்துக்குள் ஒரு நல்ல வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. 1960களில் சோவியத் நாட்டில் மத்வேயெவ் விளையாட்டு வீரர்களுக்கு ஆண்டைத் தயாரிப்புக் காலம், போட்டிக் காலம், மாறுதல் காலம் என்று பிரித்துக் கொடுத்தார். ஏலக்காய் அதைத் தானாகவே பிரித்துவைத்திருக்கிறது. ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு சுற்றுச்சுற்றாகத் தை, மாசி வரை போகும். பங்குனி முதல் ஆனி வரை கை ஓய்வு. சீசன் நடுவில் புதிதாக ஒன்றும் சேர்க்கக் கூடாது. உடம்பு ஏற்கெனவே போட்டியில் இருக்கிறது. அந்த ஓய்வு மாதங்களில் வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் போதும். மெதுவாக உட்கார்ந்து எழுவது, படியில் நுனிக்கால் ஊன்றிக் குதிகாலைக் கீழே இறக்குவது, இடுப்பை மடக்கிக் கேனை விலாவுக்கு இழுப்பது. ஆனிக் கடைசியில் இறக்கும் வேகத்தை இன்னும் குறைத்துவிட்டால், சீசனின் முதல் வாரம் தரப்போகும் வலியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டியே வாங்கித் தீர்த்துவிடலாம்.

இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து அந்த அம்மாவிடம் சொன்னேன். "சும்மா இருக்குற மாசத்துலதான தம்பி உடம்பு கெட்டுப்போகுது" என்றபடி உள்ளே போய் முக்காலியை எடுத்து வந்தார். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, நான் சொன்ன வேகத்தில், மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்கார்ந்தார். எழுந்தார். எட்டாவதில் தொடை நடுங்கத் தொடங்கியதும் நிறுத்தி, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு வரும் தம்பி. இன்னைக்கு இது போதும்."