அங்குலமா, சென்டிமீட்டரா? கோடிகளை விழுங்கிய கணக்கு சாஃப்ட்வேர்கள்!

2013-ம் வருடம் கனடாவில் 'டார்கெட்' கடைகள் திறந்தபோது எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். எல்லை தாண்டி அமெரிக்கா போய் இந்தக் கடையில் பொருள் வாங்கிப் பழகியவர்கள் கனடாக்காரர்கள். அதே கடை இப்போது உள்ளூரிலேயே வருகிறது என்றால் சும்மாவா? ஆனால், ஆசையாக உள்ளே போனவர்கள் பார்த்தது பாதி காலியாகக் கிடந்த அலமாரிகளை. அதே நேரத்தில் டார்கெட்டின் குடோன்களில் பெட்டிகளை இறக்கி வைக்க இடமில்லை.

சரக்கு இருக்கிறது. கடைக்கு மட்டும் வரவில்லை. நடுவில் சிக்கல் செய்தது ஒரு சாஃப்ட்வேர். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த சாஃப்ட்வேருக்குள் அவசர அவசரமாகக் கொட்டப்பட்ட தகவல்கள்.

அமெரிக்காவில் டார்கெட் சொந்தமாக எழுதிய ஒரு பழைய சிஸ்டத்தை வைத்திருந்தது. அதற்கு கனடா டாலரும் தெரியாது, பிரெஞ்சு எழுத்துகளும் தெரியாது. அதனால் கனடாவுக்கென்று ஜெர்மனியின் எஸ்.ஏ.பி சாஃப்ட்வேரை வாங்கினார்கள். சுமார் 75,000 பொருள்களின் விவரத்தை அதில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் நீளம், அகலம், உயரம், விலை, ஒரு பெட்டிக்கு எத்தனை என்று பல கட்டங்கள். கடை திறக்கும் தேதியோ முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிட்டது. உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்களில் பலர் அனுபவம் குறைந்த இளைஞர்கள்.

சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலம் ஏறியது. நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலம் ஏறியது. கனடா டாலருக்குப் பதில் வேறு கரன்சி ஏறியது. கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தப்பென்று தெரியாது. அது எண்ணைத்தான் பார்க்கும். இந்தப் பெட்டி இந்த அலமாரியில் அடங்காது என்று அது முடிவு கட்டினால், பெட்டி குடோனிலேயே கிடக்கும். பிற்பாடு ஆராய்ந்து பார்த்தபோது, அமெரிக்க சிஸ்டத்தில் 98, 99 சதவிகிதம் சரியாக இருந்த தகவல், கனடாவில் சுமார் 30 சதவிகிதம்தான் சரியாக இருந்ததாகச் செய்திகள் வெளியாகின.

2015 ஜனவரி 15 அன்று மூடுவிழா அறிவிப்பு வந்தது. மொத்தம் 133 கடைகள், 17,600 ஊழியர்கள். அவர்களுக்குக் கிடைத்தது குறைந்தபட்சம் 16 வாரச் சம்பளம். சாஃப்ட்வேர் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. கடை அமைந்த இடங்கள், விலை, அகலக்கால் வைத்தது என்று காரணங்கள் பல உண்டு. ஆனால், காலி அலமாரிக்கு முதல் காரணம் அந்த 75,000 வரிகள்தான்.

ஒரு சட்டையின் அடக்க விலை

ஒரு சட்டை தைக்க என்ன செலவாகும்? துணி, நூல், பட்டன், தையல் கூலி... இதுவரை யாரும் சொல்லிவிடுவார்கள். தையல் மெஷின் குடித்த மின்சாரம், கட்டட வாடகை, வங்கிக் கடனுக்கான வட்டி, வெட்டும்போது வீணான துணி, லாரி வாடகை, வாட்ச்மேன் சம்பளம், இவற்றில் எத்தனை பைசா அந்த ஒற்றைச் சட்டையின் தலையில் விழும்? அதைச் சொல்வதுதான் காஸ்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரின் வேலை.

பெரிய நிறுவனங்களில் இந்தத் தகவல்கள் ஒரே இடத்தில் இருக்காது. சம்பளக் கணக்கு ஒரு டேட்டாபேஸில், கொள்முதல் இன்னொன்றில், குடோன் இருப்பு மூன்றாவதில் இருக்கும். வங்கிக் கணக்கோ வங்கியின் சர்வரில். இவை அத்தனையையும் எட்டிப் பிடித்துக் கூட்டிக் கழிக்க வேண்டும்.

இதனால்தான் இந்த சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் தங்கள் தகவலைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வதில்லை. தகவலுக்கென்று தனி சர்வர், அதில் ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற தனி டேட்டாபேஸ். சமையலறை வேறு, சரக்கு அறை வேறு என்பதுபோல! சாஃப்ட்வேரை அழித்து மறுபடி போட்டாலும் தகவல் பத்திரமாக இருக்கும். ஒரே நேரத்தில் ஐம்பது பேர் உள்ளே வந்தாலும் திணறாது. சில சாஃப்ட்வேர்கள் குட்டி டேட்டாபேஸ் ஒன்றை இலவசமாகக் கூடவே வைத்துத் தருவதுண்டு. அது ஓட்டிப் பார்க்கத்தான். அதிலேயே நிஜக் கணக்கை ஆரம்பித்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தலையில் கைவைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நள்ளிரவு 2 மணிச் சிக்கல்

நிறுவும் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். டேட்டாபேஸ் சர்வரின் முகவரி, அது கேட்டுக்கொண்டிருக்கும் கதவு எண், பயனர் பெயர், பாஸ்வேர்டு ஆகியவற்றைக் கொடுத்தால் 'கனெக்‌ஷன் ஓகே' என்று பச்சை எழுத்தில் வரும். போஸ்ட்கிரெஸ் என்றால் 5432, மைஎஸ்க்யூஎல் என்றால் 3306, ஆரக்கிள் என்றால் 1521 என்பவை வழக்கமான கதவு எண்கள். அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டது என்று பலரும் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். வேலை ஆரம்பிப்பதே அங்கேதான்.

முதல் விஷயம், எழுத்து. டேட்டாபேஸை உருவாக்கும்போதே அது எந்த எழுத்துமுறையில் தகவலைச் சேமிக்கும் என்று சொல்ல வேண்டும். யூனிகோடு என்று சொல்லாமல் பழைய ஐரோப்பிய எழுத்துமுறையில் விட்டுவிட்டால், 'முருகன் டிரேடர்ஸ்' என்று தமிழில் ஏற்றிய பெயர் வரிசையாகக் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படிக் கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்ட பெயரை மீட்க வழி கிடையாது. மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

அடுத்தது நேரம். இதை யாரும் யோசிப்பதில்லை. சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஏப்ரல் 1-ம் தேதி நள்ளிரவு 2 மணிக்கு நைட் ஷிஃப்ட்டில் ஒருவர் நூல் வாங்கியதைப் பதிகிறார் என்று வையுங்கள். நேர அமைப்பைச் சரியாகச் சொல்லாத டேட்டாபேஸ் அதை மார்ச் 31, இரவு எட்டரை என்று குறித்துக்கொள்ளும். ஒரு நாள்தானே என்று விட முடியாது. இந்தியாவில் நிதியாண்டு மாறுவது அந்த நள்ளிரவில்தான். இந்த வருடச் செலவு போன வருடக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவது, பைசா. கம்ப்யூட்டர் பின்னங்களைச் சேமிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும்! அறிவியல் கணக்குக்கு அது போதும், பணக் கணக்குக்கு ஆகாது. பணம் இருக்கும் கட்டங்களுக்கு 'டெசிமல்' என்ற வகையைத்தான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் லட்சக்கணக்கான வரிகளைக் கூட்டும்போது கடைசியில் சில பைசாக்கள் உதைக்கும். காணாமல்போன நாற்பது பைசாவைத் தேடி இரவெல்லாம் விழித்திருந்த கணக்காளர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

எல்விஸ் பாடாமலே போனார்

இவையெல்லாம் தொழில்நுட்ப விஷயங்கள். தெரிந்தவர் ஒருவர் இருந்தால் சரிசெய்துவிடலாம். ஜெர்மனியின் பிரபல மளிகைக் கடை நிறுவனமான 'லிடில்' மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

2011-ல் அவர்களும் எஸ்.ஏ.பி-யை வைத்துப் புதிய சிஸ்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர் 'இ-எல்விஸ்'. பாடகர் எல்விஸ் போலவே உச்சரிக்க வேண்டுமாம். வந்து விழுந்தது ஓர் எளிய கேள்வி. கையிருப்புச் சரக்கின் மதிப்பை எந்த விலையில் கணக்கிடுவது? லிடில் வழக்கமாக வாங்கிய விலையில் கணக்கு வைக்கும். அந்த சாஃப்ட்வேர் விற்கும் விலையை அடிப்படையாக வைத்து எழுதப்பட்டது.

மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவரிடம், "உங்கள் கடையில் எவ்வளவு ரூபாய்க்கு சரக்கு இருக்கிறது?" என்று கேட்டால், ஒரு நொடி யோசித்து, "வாங்கின விலையிலா, விக்கிற விலையிலா தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். அதே கேள்விதான். லிடில் தன் வழக்கத்தை மாற்ற மறுத்தது. சாஃப்ட்வேரை வெட்டி ஒட்டித் தனக்கேற்ற மாதிரி மாற்றச் சொன்னது. ஓர் இடத்தில் மாற்றினால் இன்னோர் இடத்தில் இடித்தது. ஏழு வருடங்கள் ஓடின. சுமார் 50 கோடி யூரோ செலவானதாக ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. 2018 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டுப் பழைய சிஸ்டத்துக்குத் திரும்பியது லிடில்.

சாக்லேட் இல்லாத ஹாலோவீன்

அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் நிறுவனம் சறுக்கியது நாள் பார்ப்பதில். 11 கோடியே 20 லட்சம் டாலர் திட்டம் அது. 48 மாதங்கள் ஆகும் என்று சொல்லப்பட்டதை 30 மாதங்களில் முடிக்கச் சொன்னார்கள். மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் சாஃப்ட்வேர்களை ஒன்றோடொன்று இணைத்து, 1999 ஜூலையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினார்கள். ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் மாதம் அது! தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஜவுளிக்கடைக்காரர் பில்லிங் மெஷினை மாற்றுவாரா?

ஹெர்ஷேயில் நெருக்கடி காலத்தில் கிடைத்த இடத்திலெல்லாம் பெட்டிகளை அடுக்கி வைப்பது வழக்கம். பழைய ஆட்களுக்கு எது எங்கே என்று தெரியும். புதிய சிஸ்டத்துக்கு அந்த இடங்களை யாரும் சொல்லவில்லை. அதனால், சாக்லேட் இருந்தும் இல்லை என்றது கம்ப்யூட்டர். சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டு லாபம் 19 சதவிகிதம் சரிந்தது.

இதற்காகத்தான் பழைய முறையையும் புதிய முறையையும் இரண்டு, மூன்று மாதங்கள் சேர்த்தே ஓட்டச் சொல்கிறார்கள். கணக்குப் பிரிவினருக்கு இது பிடிக்காது. ஒரே பில்லை இரண்டு முறை ஏற்ற வேண்டுமே! அவர்கள் முணுமுணுப்பு நியாயமானதுதான். ஆனாலும் இரண்டு கூட்டுத்தொகைகளும் தொடர்ந்து பொருந்தும் வரை பழையதை நிறுத்துவது ஆபத்து.

பேக்கப் விஷயமும் அப்படித்தான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜி.பி டேட்டாபேஸில் மிஞ்சியது 4.5 ஜி.பி. கவலைப்பட வேண்டாம், ஐந்து வகை ஏற்பாடுகள் இருக்கின்றன என்று தேடிப்போனால், ஐந்தில் ஒன்றுகூட நம்பும்படி இயங்கவில்லை! வேறு காரியத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்று சொல்லும் கம்பெனிகளிடம், "அதிலிருந்து என்றைக்காவது திருப்பி ஏற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

இந்தியாவில் இது சட்டமாகவே இருக்கிறது. கணினியில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் தினசரி பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் யார், எதை, எப்போது திருத்தினார்கள் என்ற தடத்தை அழிக்கவோ நிறுத்தவோ முடியாத சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும். சாஃப்ட்வேர் வழியாக வராமல் நேரே டேட்டாபேஸுக்குள் புகுந்து ஓர் எண்ணை மாற்றினால்? தணிக்கையாளர்கள் அதையும் கேட்கிறார்கள். தனி டேட்டாபேஸ் வைப்பவர்கள் அங்கேயும் தடம் பதியும் வசதியை முடுக்கிவிட வேண்டும். அதன் முழு அதிகாரமுள்ள பாஸ்வேர்டை ஆபீஸ் முழுக்கத் தெரியவிடக் கூடாது.

ஒரு நகரமே கணக்கைத் தொலைத்தது

பிரிட்டனின் பர்மிங்ஹாம் மாநகராட்சியில் 11 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வசிக்கிறார்கள். 1999 முதல் பயன்படுத்திய எஸ்.ஏ.பி-யை விட்டுவிட்டு, 2022 ஏப்ரலில் ஆரக்கிளுக்கு மாறினார்கள். அவர்களும் லிடிலைப் போலத்தான், தங்கள் பழைய நடைமுறைக்கு ஏற்ப சாஃப்ட்வேரை நிறைய மாற்றினார்கள். முக்கியமாக, வங்கியில் வந்த பணத்தையும் மாநகராட்சிக் கணக்கையும் பொருத்திப் பார்க்கும் பகுதி சரியாக வேலை செய்யவில்லை.

பணம் வந்திருக்கிறது. யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்று சொல்ல முடியவில்லை. எந்தத் துறையில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று அதிகாரிகளால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. சுமார் 2 கோடி பவுண்டில் முடியும் என்று போட்ட திட்டம் 10 கோடி பவுண்டைத் தாண்டியது.

2023 செப்டம்பர் 5 அன்று, அத்தியாவசியம் தவிர மற்ற புதிய செலவுகளுக்குத் தடை போடும் நோட்டீஸை மாநகராட்சி வெளியிட்டது. கிட்டத்தட்ட திவால் அறிவிப்பு. பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராததால் வந்த பாக்கிதான் அதற்குப் பெரிய காரணம். 65 முதல் 76 கோடி பவுண்டு வரை ஆகலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். ஆனால், பள்ளத்தின் ஆழத்தை அளந்து சொல்ல வேண்டிய கணக்கு சிஸ்டமே அந்த நேரத்தில் படுத்துக்கிடந்தது. 2024-ல் வீட்டு வரி சுமார் 10 சதவிகிதம் ஏறியது. நூலகங்கள் வரை செலவுக் குறைப்பு பாய்ந்தது.

தானாக நடக்க வேண்டிய வேலைக்குக் கூடுதல் ஆட்களை அமர்த்தி, வங்கி வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் பொருத்த வேண்டியிருந்தது. கடைசியில் மாநகராட்சி எடுத்த முடிவு, செய்த மாற்றங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதே ஆரக்கிளை முதலிலிருந்து மறுபடி நிறுவுவது. இந்த முறை கம்பெனி கொடுத்த வடிவத்திலேயே!