சொல்லும் முறையும் கேட்கும் செவியும்

அறிவியல் வளர்ச்சியால் உலகம் சுருங்கிவிட்டது என்பர். உலகம் சுருங்கினாலும் மக்களின் பேச்சு மரபுகள் ஒன்றாகிவிடவில்லை. வேற்று நாட்டாரோடு சேர்ந்து பணியாற்ற ஒரு பொதுமொழியைக் கற்றால் மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து.

வீட்டைவிட்டுப் புறப்படும் நாம் 'போகிறேன்' என்பதில்லை. 'போய் வருகிறேன்' என்கிறோம். பெரியவர் கேட்டதை மறுக்க நேர்ந்தால் 'முடியாது' என்னாமல் 'பார்க்கலாம்' என்கிறோம். அவரும் குறிப்பறிந்துகொள்கிறார். ஜப்பானியர் உரையாடலில் அடிக்கடி 'ஹாய்' என்பர். 'ஆம்' என்பது அதன் பொருள். எனினும் பல வேளைகளில் 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதே கருத்து. அதை உடன்பாடு என்று கொள்ளும் அயல்நாட்டு வணிகர் ஏமாந்துபோவார். அமெரிக்க மானிடவியலறிஞர் எட்வர்ட் ஹால், 1976இல் வெளியிட்ட நூலில், சூழலில் பொருளைப் பொதிந்து பேசும் பண்பாடுகள், சொல்லிலேயே அனைத்தையும் வெளிப்படுத்தும் பண்பாடுகள் எனப் பிரித்துக் காட்டினார்.

வணிகத்தில் இவ்வேறுபாடு பொருளிழப்பைத் தரும். வானத்திலோ உயிரையே வாங்கிவிடும். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் ஏவியாங்கா 52ஆம் எண் விமானம் நியூயார்க்கை நெருங்கியது. வானிலை சீர்கெட்டிருந்ததால், வழியில் மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிடங்கள் வட்டமிட நேர்ந்தது. எரிபொருள் வற்றிக்கொண்டே வந்தது. முதல் முறை தரையிறங்கும் முயற்சியும் கைகூடவில்லை. 'ஆபத்து நிலை என்று அறிவி' எனத் தலைமை விமானி தம் தாய்மொழியான ஸ்பானிய மொழியில் பணித்தார். துணை விமானியோ ஆங்கிலத்தில், 'எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது' என்று மட்டுமே தரைக்குச் சொன்னார். 'எமர்ஜென்சி' என்னும் சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அச்சொல் வந்தால்தான் மற்ற விமானங்களை விலக்கி வழிவிடுவது அங்குள்ள முறை. தரையிலிருந்தோரும் மீதி எரிபொருள் எத்தனை நிமிடங்களுக்கு வரும் என்று துருவிக் கேட்கவில்லை. ஒருவர் கேட்ட செய்தி அடுத்தவருக்கு முழுமையாகப் போய்ச் சேரவும் இல்லை. இயந்திரங்கள் நின்று விமானம் வீழ்ந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டனர்.

இருதரப்பாரும் பேசியது ஆங்கிலமே. ஆயினும் அதிகாரம் உடையவரிடம் தணிந்து பேசும் பழக்கம் துணை விமானியின் நாவைத் தடுத்திருக்கும் என்பர் ஆய்ந்தோர் சிலர். ஒருவரது பணிவு மற்றவர் செவியில் அவசரமின்மையாகவே ஒலித்தது.

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2003இல் ஏற்று, 2008 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மொழித் தகுதி விதிகள் இங்கு நினைக்கத்தக்கவை. அவை உச்சரிப்பையும் இலக்கணத்தையும் மட்டும் சோதிப்பதில்லை. ஐயம் எழுந்தால் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொள்ளும் திறனையும் சோதிக்கின்றன. சொல்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும்; கேட்பவர் தெளியும்வரை கேட்க வேண்டும். இணங்கிப் போவது இருவர் கடமை.

இதற்காக நம் பணிவை இழக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 'ஐயா' என்று விளித்துவிட்டே ஆபத்தை ஆபத்து என்று கூறலாம். திருக்குறளில் 'அவையறிதல்' அதிகாரத்தை அடுத்து வருவது 'அவையஞ்சாமை'. கேட்போர் இயல்பை அறிவது பாதி. அறிந்தபின் அஞ்சாது உரைப்பது மறுபாதி. நாளை பல நாட்டாரோடு பணியாற்றப்போகும் மாணவர்களாகிய நாம் இவ்விரண்டையும் ஒருசேரப் பயில்வோமாக!