மனமும் ஊரும் – 11: பழி யார் பேரில்?

கோலார் தங்கவயலில் 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கையிலெடுத்த சுரங்கத் தொழில், 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் கதவு சாத்தப்பட்டதோடு முடிந்தது. வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து போனவர்களின், பெரும்பாலும் தலித் மக்களின், நாலைந்து தலைமுறை உழைப்பு அங்கே புதைந்திருக்கிறது. இன்று அந்தத் தொழிலாளர் குடியிருப்பின் லைன் வீடுகளிலிருந்து பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். சுரங்கத்தோடு வேலையிழந்தவர் வீட்டில் இருக்கிறார். ஊரே வேலையிழந்திருந்தாலும், ‘குடும்பத்தை நிமிர்த்த என்னால் முடியவில்லை’ என்று தன் ஒருவன் பேரிலேயே கணக்கெழுதிக்கொள்வது மனித மனத்தின் வழக்கம். கதை சொல்லவைத்து மனநோவைத் தீர்க்க முயலும் சிகிச்சையாளர் இங்கே வந்தால், முதலில் அந்தக் கணக்கைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1980களில் உருவாக்கிய கதைவழிச் சிகிச்சையின் அடித்தளமே இதுதான்: ஆள் வேறு, அவரைப் பிடித்த பிரச்சினை வேறு. அது எப்போது வந்தது, எதனால் வலுத்தது, எந்த நேரத்தில் நீங்கள் அதற்கு மசியாமல் நின்றீர்கள் என்று சிகிச்சையாளர் கேட்டுக்கொண்டே போவார். கடைசிக் கேள்விதான் உயிரானது. தோற்றவன் என்ற கதைக்குள் அடங்காத நிகழ்ச்சிகளை அது வெளியே இழுக்கிறது. தங்கவயலில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த வெக்கையில், பாறை எப்போது வெடிக்குமோ என்ற அச்சத்தோடு வேலை செய்தவர், பாறையின் சத்தத்தையும் பக்கத்தில் நிற்பவரின் உயிரையும் சேர்த்தே கவனித்தாக வேண்டும். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-ல் வேலைநிறுத்தம் செய்தவர்களின் வாரிசுகள் இவர்கள். 1940களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது தெரியவந்தது. மூச்சிரைப்பைத் தன் பலவீனம் என்று நினைத்திருப்பவருக்கு, அது சுரங்கத் தூசி கொடுத்த நோய் என்று தெரிவதே கதையில் பெரிய திருப்பம்.

வேலையும் கூலியும் கேட்பவர்களுக்குப் பேச்சா மருந்து என்று ஒருவர் சீறலாம். நியாயமான கோபம். வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற ஊரில் நெசவாலை மூடிய பின் மரி யகோடாவும் அவரது கூட்டாளிகளும் நடத்திய ஆய்வு 1933-ல் வெளியானது. கைநிறைய நேரமிருந்தும் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. ஆண்களின் நடையே தளர்ந்தது. பல சங்கங்களில் ஆள் குறைந்தது. ஒரு ஊரே இப்படிச் சோர்ந்திருக்கும்போது அதைத் தனிமனிதக் குணக்கேடு என்று சொல்ல வழியில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: தன்மீதே பழி போட்டுக்கொண்டவர் தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கவும் போகமாட்டார். ஆகவே சேர வேண்டியதைக் கேட்கும் போராட்டமும் இந்தக் கதைசொல்லலும் ஒரே பக்கம் நிற்பவை. வறுமையோடு சமாதானமாகிப்போகும்படி ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் சிகிச்சையாளர் அவருக்குத் தீங்குதான் செய்கிறார்.

ஆறிய புண்ணைக் கீறுவானேன் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். விபத்து நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பயன் தருவதில்லை, சிலருக்குக் கேடும் செய்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2002 வாக்கிலேயே எச்சரித்தார்கள். ஆனால் சுனாமிக்குப் பின் வடகிழக்கு இலங்கையின் முகாம் ஒன்றில், போரையும் கடலையும் ஒருசேரக் கண்ட 31 பிள்ளைகளிடம் நடந்த முயற்சி வேறு பாடம் சொல்கிறது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், ஒரு பகுதியினரை ஆறு அமர்வுகளில் தம் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லவைத்தார்கள். மற்றவர்களுக்குத் தியானமும் உடல்தளர்வுப் பயிற்சியும் தந்தார்கள். இரு பிரிவிலும் பெரும்பாலோர் தேறினார்கள். எனவே கதைசொல்லல் ஒன்றே வழி என்று யாரும் சாதிக்க முடியாது. சொல்ல விரும்பாதவரை விட்டுவிடலாம். சொல்பவருக்கு வேண்டிய காலம் தர வேண்டும்.

யாரிடம் சொல்வது என்பதும் பெரிய கேள்வி. கலிபோர்னியாவின் வெனிஸ் கடற்கரையில், பிறந்த ஊர்கள் அழிந்துபோன முதிய யூதர்கள் ஒருவர் முன் ஒருவர் தம் வாழ்க்கையை எடுத்துச் சொல்லித் தம் இருப்பை நிலைநாட்டியதை மானிடவியலாளர் பார்பரா மையர்ஹோஃப் பதிவுசெய்தார். அவரிடமிருந்துதான், ஒருவர் சொல்வதைச் சிலர் கேட்டு, அது தம் வாழ்வில் எதைத் தொட்டது என்று திருப்பிச் சொல்லும் முறையை வைட் வளர்த்தெடுத்தார். தங்கவயலைப் பற்றி வெளியூரில் உலவும் கதைகளில் வெள்ளைக்காரர் பங்களாவும் கிளப்பும் உண்டு, சினிமா வேட்டுச் சத்தமும் உண்டு; ஷிப்டுக்குப் போனவர் திரும்பும்வரை அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அவற்றில் இடமில்லை. அவளைப் புரிந்து கேட்கக்கூடியவர் அடுத்த லைனில் இருக்கிறார். நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கிறது. அங்குள்ளவர்கள் தங்கவயல் பிள்ளைகளில் சிலருக்கு இந்தக் கேட்கும் பயிற்சியைத் தந்து, தொழிற்சங்க அலுவலகத்திலோ தேவாலயத் திண்ணையிலோ அவர்கள் பேச்சிலேயே நடத்தவிட்டால் போதும். அந்த ஊர்த் தமிழில் தெலுங்கும் கன்னடமும் கலந்துவரும், திருத்த வேண்டாம்.