அஞ்சும் விலங்கும் அணுகும் கையும்

தில்லியின் இன்றைய வெப்பம் இவ்வளவு என்று நாளேடுகள் அச்சிடும் எண், சப்தர்சங் வானிலை ஆய்வகத்தில் அளக்கப்பெறுவது. நடுவண் அரசு ஊழியர் குடியிருப்பான இலட்சுமிபாய் நகர் அவ்வாய்வகத்துக்கு அண்டையில் இருப்பதால், அந்த எண்ணை இந்நகரத்தார் தம் வீட்டு எண்ணாகவே கொள்ளலாம். 2024 மே 29 அன்று அது 46.8 பாகை செல்சியசு. 1944-இல் அதே மே 29 அன்று 47.2 பாகை. இத்தகைய ஊரில், 25 பாகையைக் கடந்தாலே துன்புறத் தொடங்கும் சின்சில்லா என்னும் மலைவிலங்கை வளர்க்க விரும்புவோர், அதைக் கையில் எடுக்கும் முறையைத்தான் முதலில் கேட்கின்றனர். அவ்விலங்கோ அதற்கு முன்னரே தன் வினாவைத் தொடுத்துவிடுகிறது: இந்த அறையில் என்னால் உயிரோடு இருக்க முடியுமா?

சின்சில்லா தென்னமெரிக்காவின் ஆண்டிசு மலைத்தொடர்க்குரிய கொறிவிலங்கு. அணிலும் முயலும் கலந்து பிறந்தது போன்ற தோற்றம் உடையதாயினும், உறவுமுறையில் கினிப்பன்றிக்கும் முள்ளம்பன்றிக்குமே அண்மையது. வீடுகளில் வளர்வன பெரும்பாலும் அரைக் கிலோகிராம் எடையை ஒட்டியிருக்கும். மனிதருக்கு ஒரு மயிர்க்காலில் ஒன்றிரண்டு மயிர்களே முளைக்க, இதற்கு ஒரே மயிர்க்காலிலிருந்து 50-க்கும் மேற்பட்ட நுண்மயிர்கள் கற்றையாக எழுகின்றன. நீர் எளிதில் உட்புகாத, உடற்சூடு எளிதில் வெளியேறாத போர்வை அது. மலையின் இரவுக் குளிருக்கு அப்போர்வை அரண். தில்லியின் கோடைக்கு அதுவே கேடு. வியர்த்துக் குளிரும் வாய்ப்பு இவ்விலங்குக்கு இல்லை. குருதிநாளங்கள் நிறைந்த பெரிய காதுமடல்கள் வழியாகவே அது வெப்பத்தின் ஒரு பகுதியை வெளியேற்றுகிறது. காதுமடல் சிவந்து சூடேறியிருந்தால் அறை வெம்மையாகிவிட்டது என்று பொருள்.

தில்லியார் கூலர் என்று வழங்கும் நீர்க்குளிர்விப்பான் இங்கே உதவாது. நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும் அக்கருவி, அறையின் ஈரப்பதத்தையும் உடன் உயர்த்துகிறது. அடர்ந்த மயிருக்கடியில் ஈரம் தங்கினால் பூஞ்சைநோய் பற்றும். ஏப்ரல் தொடங்கி மழைக்காலம் முடியும்வரை அறைக்குக் குளிர்பதனியே வேண்டும்; மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் வேண்டும். கல்லறுக்கும் பட்டறைகளில் கிடைக்கும் பளிங்குத் துண்டொன்றைக் கூண்டினுள் வைத்தால் விலங்கு அதன்மேல் படுத்துக் குளிர்ச்சி பெறும். அது சிறு ஆறுதல், குளிர்பதனிக்கு ஈடாகாது.

வெப்பத்தை இவ்வளவு விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. வெம்மையால் தளர்ந்த சின்சில்லா கையை எதிர்க்காது. எடுத்தால் எடுத்த இடத்தில் கிடக்கும். 'எவ்வளவு சாதுவாகிவிட்டது பார்' என்று வீட்டார் மகிழ்வர். விலங்கோ உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும். அசைவின்மையை அன்பென்று படிப்பதே இவ்விலங்கைப் பொறுத்து மனிதர் செய்யும் முதற்பெரும் பிழை. வெப்பத்தில் மட்டுமன்றி அச்சத்திலும் இப்பிழை நேர்கிறது.

மனிதக் கைக்கு அஞ்ச இவ்வினத்துக்குப் போதிய காரணம் உண்டு. நரியும் ஆந்தையும் ஆண்டிசு மலையில் அதன் பழம்பகைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மென்மயிர் வணிகம் அவற்றை விஞ்சியது. மேலாடை ஒன்றுக்கே நூற்றுக்கு மேற்பட்ட தோல்கள் தேவைப்பட்டமையால் மலைச்சரிவுகள் வெறுமையாயின. 1910-இல் சிலி, அர்கெந்தீனா, பொலிவியா, பெரு ஆகிய நாடுகள் உடன்பாடு கண்டு வேட்டையைத் தடுக்க முயன்றன. அதற்குள் இழப்பு மிகுந்துவிட்டது. காட்டில் எஞ்சியுள்ள இரு சின்சில்லா இனங்களும் இன்றும் அழிவின் விளிம்பிலேயே உள்ளன. அவற்றுள் நீள்வால் இனத்துக்கென்றே சிலி நாட்டின் இய்யபெல் ஊருக்கருகில் 1983-இல் ஒரு காப்பகம் நிறுவப்பட்டது.

வீட்டுச் சின்சில்லாக்களின் கால்வழி வேறொரு வழியில் நடந்தது. சிலியின் செம்புச் சுரங்கமொன்றில் பணியாற்றிய மத்தியாசு சாப்மன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், 11 சின்சில்லாக்களை 1923-இல் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசேர்த்தார். உயர்மலையிலிருந்து கடல்மட்டத்துக்கு அவற்றை ஒரே மூச்சில் இறக்கவில்லை. மாதக்கணக்கில், படிப்படியாக, இடையிடையே தங்கவைத்துத் தாழிடங்களுக்குப் பழக்கினார். கப்பலில் கூண்டுகளைப் பனிக்கட்டியால் குளிர்வித்தார். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சின்சில்லாக்களில் மிகப் பெரும்பாலானவை அவர் கொணர்ந்தவற்றின் வழிவந்தவை. சாப்மனின் நோக்கம் மென்மயிர்ப் பண்ணையே. எனினும், இவ்விலங்கை அதன் வேகத்தில்தான் நடத்த முடியும் என்பதை முதலில் உணர்ந்தவர்களுள் அவரையும் வைக்கலாம்.

நாய் மனிதரோடு வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. சின்சில்லாவுக்கோ ஒரு நூற்றாண்டே ஆகிறது. அந்த நூற்றாண்டிலும் பண்ணையார்கள் மயிரின் நிறத்தையும் அடர்த்தியையும் பார்த்தே இணைசேர்த்தனர். கைக்கு இணங்கும் குணத்தைப் பார்த்தன்று. ஆகவே மனிதர்மீது நம்பிக்கை இவ்விலங்கின் பிறப்போடு வருவதில்லை. ஒவ்வொரு குட்டியிடமும் அதைப் புதிதாகவே விளைவிக்க வேண்டும்.

நம்பிக்கை என்று நாம் எளிதாகச் சொல்லும் ஒன்றை உளவியல் சில தனி நிகழ்வுகளாகப் பிரித்துக் காண்கிறது. தீங்கற்ற ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வருமாயின், விலங்கு அதைப் பொருட்படுத்துவதை விடுகிறது, இது பழக்கமாதல். அதே தூண்டல் வலியோடோ பேரச்சத்தோடோ வருமாயின், முறைதோறும் எதிர்வினை கூர்மையடைகிறது, இது கூருணர்வடைதல். கூண்டருகே நாள்தோறும் அமைதியாக வந்தமரும் மனிதர் முன்னதை விளைவிக்கிறார். கூண்டுக்குள் கைவிட்டுத் துரத்திப் பிடிப்பவர் பின்னதை. உயிர் ஒன்றே, கையும் ஒன்றே. வரும் முறையால் விளைவு தலைகீழாகிறது. மூன்றாவது, இவான் பாவ்லவ் நாய்களிடம் ஆராய்ந்த ஆக்கநிலையுறுத்தம். கை தோன்றியதும் நற்றீனி தோன்றுமாயின், நாளடைவில் கையே நல்வரவாகிறது.

இங்கொரு கண்ணி இருக்கிறது. அஞ்சிய விலங்கை விடாது பிடித்துவைத்திருந்தால், சற்று நேரத்தில் அது துள்ளுவதை நிறுத்திவிடும். 'பழகிவிட்டது' என்று பலர் இதைச் சொல்வர். உண்மையில் அது தப்பும் முயற்சியைக் கைவிட்டிருக்கிறது. கார்ட்டிசால் முதலிய நெருக்கடிச் சுரப்புகள் அப்போதும் குருதியில் உயர்ந்தே இருக்கலாம். விலகிப்போக வழி திறந்திருந்தும் விலகாதிருத்தல் ஒன்றே நம்பிக்கைக்குச் சான்று. ஏனைய அளவுகோல்கள் எல்லாம் நம் ஆசையையே அளக்கின்றன.

ஆதலின் பயிற்சி முழுவதும் விலங்குக்குத் தப்பும் வழியை விட்டுவைத்தே நடக்க வேண்டும். புதிதாக வந்த சின்சில்லாவை முதற்சில நாள்கள் தொடாதிருப்பதே நன்று. கூண்டு சுவரையொட்டி, மார்பளவு உயரத்தில் இருக்கட்டும். அதற்குள் ஒளிய மரப்பெட்டி ஒன்று இருக்கட்டும். ஒளிந்துகொள்ள இடமுள்ள விலங்கே விரைவில் வெளியே வருகிறது. இது பகலில் உறங்கி அந்தியிலும் இரவிலும் உலவும் உயிர். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் இலட்சுமிபாய் நகர்ப் பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகள் பிற்பகலில் அதை எழுப்ப முனைந்தால், உறக்கம் கெட்ட விலங்கின் சினத்தையே காண்பர். இரவு உணவுக்குப் பிந்திய அரைமணி நேரமே இருவர்க்கும் ஒத்துவரும்.

அந்நேரத்தில் விரித்த உள்ளங்கையைக் கூண்டின் தரையில், அசையாமல், வையுங்கள். மேலிருந்து கீழிறங்கும் கை அதன் மூளைக்கு ஆந்தையின் நிழல். தலையின் இருபுறமும் அமைந்த கண்கள் வானத்தையும் பக்கங்களையும் ஒருசேரக் காவல் காப்பன. அவற்றின் முன் உயரத்திலிருந்து வருவது எதுவும் நல்லதாக இராது. தாழ்ந்து கிடக்கும் கையை அது முதலில் மீசைமயிரால் அளக்கும், பின் மோக்கும், சில வேளை மெல்லப் பல்லால் கௌவும். இது கடியன்று, ஆய்வு. அப்போது கையை வெடுக்கென்று இழுத்தால் ஆய்வின் முடிவு நமக்கு எதிராகப் பதிவாகிவிடும்.

நற்றீனியாக உலர்திராட்சை கொடுப்பது பரவலான வழக்கம், தீய வழக்கமும்கூட. உலர்புல்லைக் குடலின் கடைப்பகுதியில் நுண்ணுயிர்களால் நொதிக்கச் செய்து வாழும் இவ்விலங்குக்கு, சர்க்கரை அந்நுண்ணுயிர்க் குடியைக் குலைக்கும். இனிப்புச் சேராத ஓட்சு இரண்டொரு இதழ் போதும். அன்றாட உணவு திமோத்தி போன்ற உலர்புல்லே. வாழ்நாளெல்லாம் வளரும் பற்களைத் தேய்த்து அளவில் வைப்பதும் அதுவே. ஊரில் நாம் அறிந்த குதிரைமசால் சுண்ணச்சத்து மிகுந்தது. வளர்ந்த விலங்குக்கு நாள்தோறும் இட வேண்டா.

கைக்கு வந்த பின் அடுத்த களம் தரை. குளியலறை போன்ற சிறு அறையைத் துடைத்து, மின்கம்பிகளை அகற்றி, கதவை மூடி, தரையில் அமருங்கள். விலங்கைத் திறந்துவிட்டு எதுவும் செய்யாதீர்கள். எதுவும் செய்யாதிருத்தல் மனிதர்க்கு மிகக் கடினமான பயிற்சி என்பதை அங்கே உணர்வீர்கள். சில மாலைகளில் அது உங்கள் முழந்தாளைப் பாறையாகக் கருதி ஏறும்; தோளுக்குத் தாவும். கால எல்லை சொல்வதற்கில்லை. சிலவற்றுக்கு வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்கள். தோளேறி மகிழும் விலங்குகூட மடியில் படுத்துறங்க ஒருப்படாது. பூனைக்குரிய குணத்தை இதனிடம் எதிர்பார்ப்பவர் பூனையையே வளர்க்கலாம்.

தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியிலும் மறுகை பின்கால்களுக்கடியிலும் சென்று, விலங்கை உங்கள் நெஞ்சோடு சேர்த்து அணைக்க வேண்டும். காலுக்குத் தாங்கல் இல்லையென்றால் அது உதைத்துத் தாவும். விழுந்தால் எலும்பு முறியும். நெருக்கடியில் வாலைப் பற்ற நேர்ந்தால் உடலை ஒட்டிய அடிப்பகுதியை மட்டுமே பற்றி, மறுகையால் உடலைத் தாங்குக. உடலை இறுகப் பிடித்தாலோ மயிர்க்கற்றை கொத்தாகக் கழன்று கையோடு வந்துவிடும். பகை விலங்கின் வாயில் மயிரை மட்டும் விட்டு உயிரைக் காக்கும் உத்தி அது. அவ்விடத்தில் மயிர் மீண்டும் நிறைய மாதங்களாகும். வெறுமையான அத்திட்டு, அன்று கை எப்படி நடந்துகொண்டது என்பதற்குப் பொய்க்காத சான்று.

செவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்சில்லாவின் கேள்திறன் மனிதச் செவியின் எல்லைகளோடு பெரிதும் ஒத்திருப்பதால், ஒலியால் செவி கெடும் விதத்தை ஆராய அறிவியலார் நெடுங்காலமாக இதனைப் பயன்படுத்தி வந்துள்ளனர். 1975-இல் பாட்ரிசியா கூல், சேம்சு மில்லர் என்னும் ஆய்வாளர் இருவர் வியப்பான முடிவொன்றை வெளியிட்டனர். வாயில் பிறக்குமிடம் ஒன்றாகி, குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்தால் மட்டும் வேறுபடும் இரு ஆங்கில மெய்யொலிகளைப் பயிற்சி பெற்ற சின்சில்லாக்கள் பிரித்தறிந்தன. ஓர் ஒலி மற்றதாக மாறும் எல்லையையும் மனிதர் வகுக்கும் இடத்தையொட்டியே வகுத்தன. பேசாத உயிர்க்கு இத்துணை நுண்ணிய செவி. ஆதலின் கூண்டை அணுகுமுன் ஒரே சொல்லை ஒரே தாழ்குரலில் நாள்தோறும் சொல்லுங்கள்; வருவது யார் என்பதைக் கை தெரியுமுன்னே குரல் அறிவித்துவிடும். இதே செவி பேரொலிக்கு நம் செவியினும் எளிதில் கெடுவது. தீபாவளி இரவில் கூண்டைச் சாளரத்திலிருந்து விலக்கி உள்ளறையில் வையுங்கள். எலி விரட்டும் மீயொலிக் கருவியை அவ்வீட்டில் பொருத்தவே வேண்டா.

வாங்குவதற்கு முன் சட்டத்தையும் பார்த்துவிடுவது நல்லது. காட்டுச் சின்சில்லா, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்பாட்டின் முதற்பட்டியலில் உள்ளது. வளர்ப்பு வடிவத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அவ்வுடன்பாட்டை இந்தியச் சட்டத்துக்குள் கொணர்ந்த வன உயிர்ப் பாதுகாப்புத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கையிலிருப்பது வளர்ப்பு வழிவந்ததே என்று காட்டும் தாள்களை விற்பவரிடம் கேட்டுப் பெறுங்கள். வளர்ப்புயிர்க் கடைகள் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்பது 2018-இன் விதி. தாள் தராதவரிடம் வாங்குவது எதிர்கால வழக்கை விலைகொடுத்து வாங்குவதாகும்.

இறுதியாக, இலட்சுமிபாய் நகருக்கே உரிய இடர் ஒன்று. சின்சில்லா பத்து முதல் இருபது ஆண்டுவரை வாழும். இங்குக் குடியிருப்பவரோ மாற்றலாணைக்கு உட்பட்டவர். மே மாதத்தில் குடும்பத்தோடு சென்னைக்குத் தொடர்வண்டியேறுவோர், நாக்பூர் வெயிலினூடே இவ்விலங்கை எடுத்துச்செல்ல எண்ணக்கூடாது. வீட்டில் விட்டுச்சென்றாலோ குளிர்பதனி இயங்க வேண்டும். பழகிய கை ஒன்று நாள்தோறும் வர வேண்டும். எனவே விலங்கை வாங்குமுன், அதை ஏற்க ஒப்பும் இரண்டாம் வீடொன்றை அக்கம்பக்கத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அவ்வீட்டார் கையையும் முதல் மாதத்திலிருந்தே கூண்டின் தரையில் வைத்துப் பழக்குங்கள்.