மாணாக்கரின் பண்பாட்டுணர்வை மதிப்பிடுதல்: திருவனந்தபுரத் தமிழ் மாணாக்கரை முன்னிறுத்தி

0. முன்னுரை

பண்பாட்டுணர்வையும் பன்மைத்தன்மை பற்றிய புரிதலையும் மாணாக்கரிடம் வளர்க்க வேண்டும் என்பது இன்று கல்வித்திட்டங்கள் யாவும் ஏற்றுக்கொண்ட குறிக்கோளாகும். யுனெஸ்கோவிற்காக டெலோர்ஸ் குழு 1996இல் அளித்த அறிக்கை கல்வியின் நான்கு தூண்களுள் ஒன்றாகக் கூடி வாழக் கற்றலை வைத்தது. இந்தியாவின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு (2005) வகுப்பறையின் பன்மொழித்தன்மையைக் குறையாகக் கருதாமல் வளமாகக் கருத வேண்டும் என்றது. குறிக்கோள் தெளிவாக இருப்பினும், அது எய்தப்பெற்றதா என்பதை எவ்வாறு அறிவது என்னும் வினா எளிதன்று. இவ்வினாவைத் திருவனந்தபுரத்தில் பயிலும் தமிழ் மாணாக்கரை முன்னிறுத்தி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. களம்

1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை கேரளத்தில் நின்றன. எல்லை ஒரு நாளில் வகுக்கப்பட்டது; மக்களின் மொழியும் பழக்கவழக்கமும் அந்நாளில் பிரிந்துவிடவில்லை. மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை வாழ்ந்து பணியாற்றிய நகரம் திருவனந்தபுரம். சாலைக் கடைத்தெருவின் வாழ்க்கையை ஆ. மாதவனும், நகரின் தமிழ்க் குடும்ப வாழ்வை நீல பத்மநாபனும் தமிழ்ப் புனைகதையில் பதிவு செய்துள்ளனர். இந்நகரின் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வளர்கிறது.

அரசியலமைப்பின் 350அ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குரிய வசதிகள் அளிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆனால் கற்பிக்கும் மொழியைப் பற்றிய இப்பாதுகாப்பு, மதிப்பிடும் அளவுகோலைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

2. தகவலறிவும் புரிதலும்

பண்பாட்டுணர்வை அளக்க முற்படும் வினாத்தாள்கள் பெரும்பாலும் தகவலறிவையே அளக்கின்றன. ‘ஓணம் எந்த மாதத்தில் கொண்டாடப்படுகிறது?’, ‘பொங்கல் எத்தனை நாள் விழா?’ என்பன போன்ற வினாக்கள் இவ்வகையின. இவற்றிற்குச் சரியான விடை எழுதும் மாணவன் அண்டை வீட்டாரின் வழக்கத்தை மதிக்கிறான் என்பதற்குச் சான்றேதும் இல்லை.

மைக்கேல் பைரம் 1997இல் பண்பாட்டிடைத் திறனை ஐந்து கூறுகளாகப் பகுத்தார். மனப்பான்மை, அறிவு, பொருள்கொண்டு தொடர்புபடுத்தும் திறன், கண்டறிந்து ஊடாடும் திறன், திறனாய்வு நோக்கிலான பண்பாட்டு விழிப்புணர்வு என்பன அவை. மில்டன் பென்னட் 1986இல் வேறுபாட்டை மறுப்பதில் தொடங்கி அதனைத் தன் வாழ்வில் இயைத்துக்கொள்வது வரையிலான ஆறு படிநிலைகளைச் சுட்டினார். அவற்றுள் மூன்றாவது, வேறுபாட்டைச் சிறிதாக்கிக் காண்பது. ‘எல்லாரும் மனிதரே, வேறுபாடு ஒன்றுமில்லை’ என்னும் விடை நல்லெண்ணத்தைக் காட்டுவதாகத் தோன்றினும், பென்னட்டின் நோக்கில் அது இடைநிலையே ஆகும். நம் பள்ளித் தேர்வுகளில் இவ்விடைக்கே முழு மதிப்பெண் கிடைக்கக்கூடும் என்பது கருதத்தக்கது.

3. மொழிவழி வெளிப்படும் பண்பாடு

தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவுடைய மொழிகள். அந்நெருக்கமே மாணாக்கரின் புரிதலைச் சோதிக்கத்தக்க நுட்பமான இடங்களைத் தருகிறது.

3.1. மரியாதை வழக்கு: தமிழில் ஆசிரியரையோ மூத்தவரையோ ‘நீங்கள்’ என்று விளிப்பது இயல்பான மரியாதை. அதற்கு வடிவில் ஒத்த மலையாள ‘நிங்ஙள்’ என்பதை மூத்தவர் ஒருவரிடம் நேரே ஆளுவது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படும். மலையாளிகள் அங்கே இடப்பெயரைத் தவிர்த்து ‘சேட்டன்’, ‘சேச்சி’, ‘சார்’, ‘டீச்சர்’ போன்ற உறவுப்பெயர், பதவிப்பெயர்களை ஆள்வர். மலையாள வினைமுற்று திணை, பால், எண், இடங்களைக் காட்டுவதில்லை ஆதலின், ‘வந்தான்’, ‘வந்தார்’ என்று தமிழ் விகுதியால் காட்டும் மதிப்பை அம்மொழி பெயராலேயே காட்ட வேண்டியுள்ளது. எனவே, தமிழ் மாணவி ஒருத்தி மலையாள ஆசிரியையிடம் ‘நிங்ஙள்’ என்றால் அது பணிவின்மை அன்று. தன் மொழியின் மரியாதையைப் பிறமொழிக்குள் கொண்டுசென்றதன் விளைவாகும். இதனை உணர்ந்து விளக்கும் மலையாள மாணவனும், உணர்ந்து மாற்றிக்கொள்ளும் தமிழ் மாணவியும் பண்பாட்டுணர்வு உடையவர்கள் எனலாம்.

3.2. வடிவொப்புமையும் பொருள் வேறுபாடும்: மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்பது நீர், பெருக்கு ‘வெள்ளப்பொக்கம்’ எனப்படும். ‘அவசரம்’ என்பது வாய்ப்பு. ‘பட்டி’ என்பது நாய். தமிழில் அதுவே ஆட்டுத்தொழுவத்தையும் சிற்றூரையும் குறிக்கும். தன் ஊர்ப்பெயர் கேட்டு வகுப்பு சிரிக்கும்போது ‘பட்டி’ என முடியும் ஊரிலிருந்து வந்த குழந்தை என்ன உணரும் என்பதைக் கூறுமாறு கேட்பது, சொற்பொருள் வினாவாகவும் பண்பாட்டு வினாவாகவும் ஒருங்கே அமையும்.

3.3. விழாக்கள்: ஆற்றுக்கால் பொங்காலையும் தைப்பொங்கலும் ‘பொங்கு’ என்னும் ஒரே அடியினின்று பெயர் பெற்றவை. முன்னது கும்ப மாதத்தில் பெண்கள் நகரத் தெருக்களில் அடுப்புக் கூட்டிப் பகவதிக்குப் படைப்பது. அப்பகவதியைக் கண்ணகியாகக் கருதும் மரபும் உண்டு. பின்னது தை முதல்நாளில் இல்லந்தோறும் கதிரவனுக்குப் படைப்பது. ஆயின், ‘பொங்காலை மலையாளிகளுடையது, பொங்கல் தமிழர்களுடையது’ என்று இருகூறாக்கும் விடை போதாது. குமரி மாவட்டத்து மண்டைக்காட்டுப் பகவதி கோயிலிலும் பெண்கள் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். நவராத்திரியின்போது பத்மநாபபுரத்துச் சரசுவதி, வேளிமலை முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய திருமேனிகள் எல்லையைக் கடந்து திருவனந்தபுரத்திற்கு எழுந்தருள்வது இன்றும் தொடர்கிறது.

4. உள்வேறுபாடு

பண்பாட்டு வினாக்களில் நேரும் பெரும்பிழை, ஒரு மொழியினரை ஒரே வழக்கத்தினராகக் கொள்வதாகும். மருமக்கள் வழி மலையாளிகளுக்கே உரியது என எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் கிடைத்துவிடலாம். ஆனால் தமிழ் பேசும் நாஞ்சில்நாட்டு வேளாளரிடையேயும் அம்முறை வழங்கியது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ அதனைச் சாடி எழுந்த நூல். கேரளத்தில் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் 1975இல் இயற்றப்பெற்றது. மறுபுறம், மலையாளிகள் அனைவரும் மருமக்கள் வழியினர் அல்லர். ஆகவே ‘தமிழர் வழக்கம் யாது?’ என்னும் வினாவைவிட, ‘எந்தத் தமிழர், எக்காலத்தில்?’ என்று மாணவனே திருப்பிக் கேட்கும் வகையில் அமைந்த வினா சிறந்தது.

5. அளவுகோலின் சார்பு

மதிப்பிடுவோரின் சார்பும் மதிப்பிடப்பட வேண்டியதே. திருவனந்தபுரத் தமிழ் மாணவன் ‘அம்மா விளிச்சாள்’ என எழுதினால், ‘அழைத்தாள்’ என்பதே தமிழ் எனக் கருதும் திருத்துநர் அதனை மலையாளக் கலப்பு எனச் சிவப்பு மையால் அடிக்கக்கூடும். ‘விளி’ என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்து இயலொன்றின் பெயரிலேயே இடம்பெற்ற சொல். பிற வட்டாரங்களின் பேச்சில் அருகிய சொல்லைத் தென்கோடி வழக்கு காத்துவைத்துள்ளது. எழுத்துத்தமிழின் பொது வழக்கைக் கற்பிப்பது ஆசிரியர் கடமை என்பதில் ஐயமில்லை. எனினும் குழந்தையின் வீட்டுமொழியைப் பிழையென்று கூறுவதும், இடத்திற்கேற்ற வழக்கு வேறு என்று கூறுவதும் ஒன்றல்ல. முன்னது மலையாளப் பெரும்பான்மைக்கு முன் ஏற்கெனவே சிறுபான்மையாக நிற்கும் குழந்தையைத் தன் தாய்மொழிக்கு உள்ளேயும் சிறுபான்மையாக்கிவிடும்.

6. மதிப்பீட்டு முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் மூன்று நிலையிலான வினாக்களை அமைக்கலாம்.

(அ) அறிதல்: ஒரு வழக்கம் அல்லது சொல்லின் செய்தி. இதனைக் குறுவினாக்களால் அளக்கலாம். மதிப்பெண் வழங்குவதில் தடையில்லை.

(ஆ) பொருள்கொள்ளல்: ஒரு சூழலைத் தந்து, இருதரப்பாரும் அதனை எவ்வாறு புரிந்துகொண்டனர், ஏன் என விளக்கச் செய்தல். ‘நிங்ஙள்’ நிகழ்ச்சி இதற்குத் தக்கது. ஒருதரப்பை மட்டும் விளக்குதல், இருதரப்பையும் விளக்குதல், வேறுபாட்டின் காரணத்தை மொழியமைப்பிலோ வரலாற்றிலோ காணுதல் என விடைகளைப் படிப்படியாகத் தரம் பிரிக்கலாம். தமிழர் ஒருவரும் மலையாளி ஒருவருமாக இருவர் தனித்தனியே திருத்துவது சார்பைக் குறைக்கும்.

(இ) மனப்பான்மை: இதற்கு மதிப்பெண் அளித்தல் கூடாது. அளித்தால் மாணவன் தான் எண்ணுவதை எழுதாமல், ஆசிரியர் விரும்புவதை எழுதுவான். லாம்பர்ட்டும் அவர்தம் குழுவினரும் 1960இல் கனடாவில் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மொழிகள் குறித்த மனப்பான்மையை அறிய, இருமொழியாளர் ஒருவரே இருமொழியிலும் பேசிய ஒலிப்பதிவுகளைக் கேட்போர் வெவ்வேறு ஆளாகக் கருதி மதிப்பிடுமாறு செய்தனர். இத்தகைய மறைமுக முறை வகுப்பு முழுவதன் போக்கை அறிய உதவும். தனி மாணவனுக்குத் தரம் வழங்கப் பயன்படாது. மாணவனின் சாதி, சமயம், குடும்ப வழக்கம் ஆகியவற்றை வெளிப்படுத்துமாறு வற்புறுத்தும் வினாக்களும் விலக்கத்தக்கன.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு நடத்திய 2018ஆம் ஆண்டின் பிசா ஆய்வும் உலகளாவிய திறனை அளக்கையில் அறிவுத்தேர்வையும் மனப்பான்மை வினாநிரலையும் தனித்தனியாகவே வைத்தது. அறிவுத்தேர்வில் 27 நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளுமே பங்கேற்றன. எல்லாச் சமூகங்களுக்கும் பொருந்தும் ஒரே அளவுகோலை அமைப்பது அரிது என்பதால், அந்தந்த இடத்து வாழ்க்கையிலிருந்து வினாக்களை எடுப்பது மேலும் இன்றியமையாததாகிறது.

7. முடிவுரை

பண்பாட்டுணர்வு மதிப்பீடு என்பது விழாக்களின் பட்டியலை ஒப்பிக்கச் செய்வதன்று. அறிவு, பொருள்கொள்ளும் திறன், மனப்பான்மை ஆகிய மூன்றையும் பிரித்து நோக்க வேண்டும். மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்குதல் தவறான முடிவிற்கே இட்டுச்செல்லும். இரு மொழிகளுக்கிடையே நாள்தோறும் சென்றுவரும் திருவனந்தபுரத் தமிழ்க் குழந்தை, பிற மாணாக்கர் பாடநூலில் கற்க வேண்டியதை வாழ்விலேயே கற்றுக்கொள்கிறது. அதனைக் கலப்பு என்றும் குறை என்றும் பதிவு செய்யும் தேர்வு, தான் அளக்க வந்த பண்பையே காணத் தவறிய தேர்வாகும்.