விளக்கெண்ணெயில் இறுகிய எஞ்சின்

சின்னஞ்சிறு எஞ்சின்கள் – 9

பேட்டரியும் காயிலும் சுமக்காமலேயே ஒரு மாதிரி விமானம் பறக்கலாம் என்று 1941இல் காட்டிய ஸ்விட்சர்லாந்தின் டைனோ எஞ்சினைச் சென்ற வாரம் பார்த்தோம். போர் முடிந்ததும் அந்த யோசனையை இங்கிலாந்து இரு கையாலும் வாங்கிக்கொண்டது. 1946இல் மில்ஸ் 1.3 வந்தது. பிறகு அதன் தம்பியாக 0.75 சிசி எஞ்சின். இரண்டும் லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள வோக்கிங் ஊரில் பிறந்தவை. இன்று பழைய வீடுகளின் பரண்களிலிருந்து கிடைக்கும் மில்ஸ் எஞ்சின்கள் பெரும்பாலும் ஒரே நோயோடு வருகின்றன: அசையவே அசையாது.

துரு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். இந்த எஞ்சின் குடிப்பது ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறத்தாழச் சமபங்காகக் கலந்த எரிபொருள். ஈதர் பறந்துவிடும், மண்ணெண்ணெயும் மெல்ல ஆவியாகும். மிஞ்சுகிற விளக்கெண்ணெய் ஐம்பது அறுபது வருடத்தில் பிசினாகி, வார்னிஷ் போல இறுகிவிடுகிறது. ஒருவகையில் அதுதான் இரும்பைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது.

இங்கேதான் பலர் எஞ்சினைக் கொல்கிறார்கள். புகை வெளியேறும் துளைக்குள் ஸ்குரூடிரைவரை விட்டுப் பிஸ்டனை நெம்புவார்கள். அந்தக் கீறல் விழுந்த பிஸ்டன் அதோடு போயிற்று. செய்ய வேண்டியது சூடேற்றுவதுதான். ஹேர் டிரையரின் வெப்பம் போதும். பிசின் இளகும், பிஸ்டன் ஓடும் உருளையான லைனரும் கொஞ்சம் விரியும். இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, புரொபெல்லரைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு மயிரிழை நகரும். அந்த மயிரிழைக்காக ஒரு மாலை முழுக்கக் காத்திருக்கலாம். சுழலும் தண்டைக் குறடு போட்டுப் பிடிக்கவே கூடாது.

இவ்வளவு பொறுமை எதற்கு? இந்தப் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. வார்ப்பிரும்புப் பிஸ்டன், கடினமாக்கிய எஃகு லைனர். இரண்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்வரை தேய்த்துத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். இடைவெளி மைக்ரான் கணக்கு. இதிலிருந்து கழற்றிய பிஸ்டன் அதே மாடலின் இன்னொரு எஞ்சினில்கூட ஒழுங்காக உட்காராது. ஸ்பார்க் பிளக் இல்லாத எஞ்சினுக்கு அழுத்தம்தான் நெருப்பு. அது கசிந்தால் எதுவுமே இல்லை.

தலைக்குள்ளே இன்னொரு பிஸ்டன் இருக்கிறது. எதிர் பிஸ்டன் என்று சொல்லலாம். மேலேயுள்ள திருகை முடுக்கினால் அது கீழிறங்கி அழுத்தத்தைக் கூட்டும். திருகைத் தளர்த்தினால், எரியும் வாயுவே அதை மேலே தள்ள வேண்டும். பிசினில் ஒட்டிக்கொண்டால் திருகு மட்டும் மேலே வரும், அழுத்தம் குறையாது. அதற்கும் மருந்து வெப்பம்தான்.

உதிரி பாகத்துக்கு வருவோம். முதலில் மரை. அக்காலத்து ஆங்கில எஞ்சின்களில் பெரும்பாலும் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) மரைதான். 6 பி.ஏ. திருகின் விட்டம் 2.8 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.53. நம் கடையில் கிடைக்கும் எம்3 திருகு 3 மில்லிமீட்டர், இடைவெளி 0.5. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். நான் ஒருமுறை அவசரத்தில் எம்3 திருகை முடுக்கி, அலுமினிய உடலின் மரையை அழித்தேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது. பி.ஏ. டேப்பும் டையும் வாங்கிக்கொண்டு, நல்ல எஃகுக் கம்பியில் திருகைச் செய்துகொள்வதே மேல்.

நீடில் வால்வையும் அழுத்தத் திருகையும் சின்ன லேத் உள்ள யாரும் கடைந்துவிடலாம். மில்ஸ் 0.75இன் வடிவத்தையே வைத்துக் கல்கத்தாவிலும் எஞ்சின் செய்தார்கள். வெளிநாட்டுப் பொழுதுபோக்காளர்களும் அதைத் தேடி வாங்கினார்கள். அதன் பாகம் கைக்கு வந்தாலும் அளந்து பார்க்காமல் மாட்டக்கூடாது.

பிஸ்டன் தேய்ந்தே போயிருந்தால் புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும். முதலில் லைனரின் உட்புறத்தைச் சீராக்குவார்கள். பிறகு வார்ப்பிரும்பைத் துளியளவு பெரிதாகக் கடைந்து, மெல்லிய தேய்ப்புப் பசை தடவி, லைனருக்குள் இறுக்கமாக நுழையும்வரை தேய்ப்பார்கள். நுழைந்த பிறகு ஒரு தேய்ப்பு அதிகமானாலும் அந்த இரும்பைத் தூக்கிப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துகொண்டே போவதுதான் எனக்கு உண்மையான கவலை.

கோத்து முடித்த எஞ்சினை ஓட்டும்போது அழுத்தத்தைக் குறைத்து வைத்தே ஆரம்பியுங்கள். எரிபொருள் அதிகமாக உள்ளே தேங்கியிருக்கும்போது முரட்டுத்தனமாகச் சுழற்றினால், திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஈதர் இருக்கும் இடத்தில் எந்த நெருப்பும் வேண்டாம்.

பிடித்துக்கொண்டதும் முதல் சில நிமிடம் வெளியே தெறிக்கும் எண்ணெய் கறுப்பாக இருக்கும். அதில் புதிய பிஸ்டனின் இரும்புப்பொடி கலந்திருக்கிறது. சிறிது நேரம் ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு தெளிந்து, ஒரு நாள் தாளில் வெறும் எண்ணெய் மட்டும் படியும்.