நேதாஜி படை தோற்றதா, வென்றதா? கிள்ளானிலிருந்து ஒரு கணக்கு

நேதாஜி பிறந்த நாளான ஜனவரி 23 நெருங்கினால் கிள்ளான் வட்டாரத்துத் தமிழரிடையே ஒரு பழைய வாக்குவாதம் மறுபடி சூடு பிடிக்கும். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.) தோற்றதா, வென்றதா? பண்டமாரானில் நேதாஜி படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் வீட்டில் கேட்டால், வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போனதே அந்தப் படையால்தான் என்பார்கள். போர் வரலாறு படித்த இளைஞரைக் கேட்டால், ஜப்பான்காரனை நம்பிப் போய் இம்பால் காட்டில் பசியால் செத்த படை அது என்பார். இரு தரப்பிடமும் சான்று இருக்கிறது. ஆனால் லண்டன் கணக்கையும் டில்லி கணக்கையும் வைத்து வாதாடும் இரு தரப்புமே மலாயாத் தோட்டத்துக் கணக்கைத் திறப்பதில்லை. ஆள் கொடுத்தது, பணம் கொடுத்தது, பிள்ளைகளைக் கொடுத்தது நாம்தான். ஆகவே அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

சண்டைக்கு முன்னால் கிள்ளானில் நடந்தது

இன்று பண்டமாரானைச் சுற்றித் தாமான்களும் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் நிற்கின்றன. 1941-இல் கிள்ளானைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். அப்பால் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட துறைமுகம். அந்த ஆண்டின் முதல் பாதியில் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் ஒய்.கே. மேனனும் அதன் முக்கியத் தலைவர்கள்.

தொழிலாளர்கள் கேட்டது என்ன என்று பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், நோயாளிக்கு ஒழுங்கான மருத்துவம். சொந்தபந்தம் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைக்கும் கிராணிக்கும் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப்போக அனுமதி வேண்டும். ஒரு மனிதன் தன் சைக்கிளில் உட்கார்ந்தபடி இன்னொரு மனிதனைக் கடந்து போவதற்குப் போராட வேண்டியிருந்தது. பின்னால் பெருங்கூட்டம் கூடிய திடல்களில் நேதாஜி பேசியபோது நம்மவர்கள் ஏன் அப்படி உருகினார்கள் என்பதற்கு விளக்கம் இந்தச் சைக்கிள் கோரிக்கையில் இருக்கிறது.

நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இது நடந்தது மே மாதம். டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் கரை இறங்கினார்கள். சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன துரைமார் தெற்கே சிங்கப்பூருக்கு ஓடினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் விழுந்தது.

மரண ரயிலும் படையும்

பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து சிறைப்பட்டவர்களைக் கொண்டு கேப்டன் மோகன் சிங் தொடங்கிய முதல் ஐ.என்.ஏ., ஜப்பானியரோடு ஏற்பட்ட பிணக்கில் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே கலைந்தது. 1943 ஜூலை 2 அன்று போஸ் சிங்கப்பூர் வந்தார். இரண்டே நாளில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமை அவர் கைக்கு வந்தது. அதன் பிறகுதான் தோட்டத்துத் தமிழர் திரளாகப் படையில் சேர்ந்தார்கள். மொத்தப் படை சுமார் 40,000 என்றால், அதில் கிட்டத்தட்ட பாதி சாதாரண மக்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

தேசபக்தி ஒன்றினால் மட்டுமே எல்லாரும் சேர்ந்தார்கள் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலை இல்லை. அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாள் கழிந்தது. அதற்கும் மேல் சயாம் அச்சம். மக்கள் சயாம் என்றே அழைத்த தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பானியரால் மலாயாவிலிருந்து 75,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள்; மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். ஏறக்குறைய பாதிப் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் மாண்டதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. படையில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துப் போக மாட்டார்கள் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நெஞ்சை அடைக்கும் ஒரு பொருத்தம் இங்கே உண்டு. அந்த ரயில்பாதையின் இரு முனைகளும் காட்டுக்குள் சந்தித்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் போஸ் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தது அக்டோபர் 21. நான்கு நாள் இடைவெளி. பிறகு ஐ.என்.ஏ. வீரர்களும் ஜான்சி ராணிப் படைப் பெண்களும் பர்மா போர்முனைக்குப் போனது அதே பாதையில்தான். தகப்பன் தண்டவாளம் போட்டு மாண்ட இடத்தைத் தாண்டி மகன் சீருடையில் போயிருக்கிறான் என்பது கற்பனை அல்ல, நிச்சயம் நடந்திருக்கக்கூடியது. போஸ் ஜப்பானியரை நம்பித்தான் படை நடத்த வேண்டியிருந்தது. சயாமில் மாண்டவர்களுக்காக அவர் வெளிப்படையாகக் குரல் எழுப்பவில்லை. அவரை நேசிக்கிறவர்கள் இந்தக் கேள்வியை ஒதுக்கி வைக்கக் கூடாது.

போர்க்களத்தில்: தோல்விதான்

1944 மார்ச்சில் ஜப்பானின் 15-ஆவது சேனை, ஜெனரல் முதகுச்சி தலைமையில் சிந்துவின் ஆற்றைக் கடந்து இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கிப் புறப்பட்டது. மூன்று வாரத்துக்கான உணவோடு கிளம்பினார்கள். மாடுகளை உடன் ஓட்டிப் போய் வழியில் அறுத்துத் தின்னலாம் என்பது முதகுச்சியின் திட்டம். மாடுகளில் பல ஆற்றிலேயே போயின, மிஞ்சியவை மலை ஏறவில்லை. எதிரியின் உணவுக் கிடங்குகளைக் கைப்பற்றிவிடலாம் என்ற கணக்கும் பொய்த்தது. எதிர்த் தரப்புக்கோ விமானம் வழியாக ஆளும் அரிசியும் குண்டும் வந்து இறங்கின. ஜூன் 22 அன்று இம்பால்–கோஹிமா சாலை திறந்தது. ஜூலையில் பின்வாங்கல். பருவமழையில், சேற்றில், சுமார் 30,000 ஜப்பானியர் மாண்டார்கள். குண்டில் செத்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் அதிகம்.

ஐ.என்.ஏ.வின் முதல் டிவிஷனிலிருந்து சுமார் 6,000 பேர் அந்தப் போருக்குப் போனார்கள். திரும்பியவர்கள் 2,600 பேர் அளவில். அவர்களில் 2,000 பேரை நேரே மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. காட்டுக் கீரையையும் புல்லையும் அவித்துத் தின்றார்கள். ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் மூவர்ணக் கொடி ஏற்றியது உண்மை. இம்பால் கைக்கு வராததும் உண்மை.

நம் வட்டாரத்தில் பலர் தெரியாமல் சொல்லும் ஒன்றை இங்கே திருத்த வேண்டும். இம்பாலுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பழைய பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள். மலாயாத் தமிழர் அதிகம் நின்றது அதற்கு அடுத்த ஆண்டு, ஐராவதி ஆற்றங்கரையில், குர்பக்ஷ் சிங் தில்லானின் நேரு பிரிகேடில். 1945 பிப்ரவரியில் எதிரிப் படை ஆற்றைக் கடந்தபோது பீரங்கியும் விமானமும் இல்லாமல் எதிர்த்தார்கள். ஒரு பகுதியினர் சரணடைந்தார்கள். மூன்றாவது டிவிஷனோ மலாயாவை விட்டே போகவில்லை. ஜான்சி ராணிப் படை நேரடிச் சண்டையில் இறங்கியதில்லை என்று அண்மைக் கால ஆய்வாளர் வேரா ஹில்டெபிராண்ட் காட்டியிருக்கிறார். மேமியோவில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். 1945 ஏப்ரல் கடைசியில் ரங்கூனைக் கைவிட்டபோது போஸோடு இரவிரவாக நடந்து பாங்காக் போய்ச் சேர்ந்தார்கள். கோலாலம்பூர் கூட்டத்தில் தன் காதணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்த ஜானகி தேவர், அந்த அணிவகுப்பை நடத்தி வந்தவர்களில் ஒருவர். வசதியான வீட்டுப் பெண்ணும் பால்மரம் வெட்டியவர் மகளும் ஒரே பாயில் படுத்து ஒரே கஞ்சியைக் குடித்தது அன்றைய மலாயாவில் வேறெங்கும் நடவாத காரியம்.

ஆக, போர்க்களத்தைப் பொறுத்தவரை இது தோல்வி. அதில் வாதத்துக்கு இடமில்லை.

டில்லியில்: ஒரு வெற்றி

வழக்குதான் கதையைத் திருப்பியது. 1945 நவம்பர் 5 அன்று செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகளான ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் மூவர் மீதும் ராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர். பிரிட்டிஷார் இதைவிட மோசமாக ஆள் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. நாடே ஒன்றாக எழுந்தது. புலாபாய் தேசாய் வாதாடினார், நேரு பழைய வழக்கறிஞர் அங்கியை எடுத்து அணிந்தார். ஆயுள் நாடுகடத்தல் என்று தீர்ப்பு வந்தது. 1946 ஜனவரி தொடக்கத்தில் தளபதி ஆகின்லெக் அதை ரத்து செய்தார். அடுத்த மாதம் பம்பாயில் கடற்படையினர் கிளர்ந்தபோது, ஐ.என்.ஏ. கைதிகளின் விடுதலையும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று.

வென்றோம் என்பவர்கள் வழக்கமாகக் காட்டும் சான்று, முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் ஆட்லி 1956-இல் கல்கத்தாவில் நீதிபதி பி.பி. சக்ரவர்த்தியிடம் பேசியதாகச் சொல்லப்படும் பேச்சு. காந்தியின் இயக்கத்தைவிட போஸின் படையே தங்களை வெளியேற வைத்தது என்பது அதன் சாரம். ஆனால் அது சக்ரவர்த்தி பின்னால் எழுதிய கடிதத்தை மட்டுமே நம்பி நிற்கிறது. அதைவிட வலுவான சான்று ஆகின்லெக் 1946 பிப்ரவரியில் தம் அதிகாரிகளுக்கு எழுதிய ரகசியக் கடிதம். தண்டனையை நிறைவேற்றியிருந்தால் நாட்டில் குழப்பமும் படைக்குள் கலகமும் வந்திருக்கும் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். இந்தியச் சிப்பாயின் விசுவாசத்தை இனி நம்ப முடியாது என்று தளபதியே உணர்ந்துவிட்டார். காந்தியின் இயக்கம், போரினால் திவாலான பிரிட்டன், கடற்படைக் கலகம் என்று பல காரணங்களில் ஐ.என்.ஏ.வும் ஒன்று, சிறிய காரணம் என்று தள்ள முடியாத ஒன்று.

லண்டனில் வேறு தீர்ப்பு. 2013-இல் பிரிட்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில் வாட்டர்லூவையும் நார்மண்டியையும் பின்னுக்குத் தள்ளி, அந்நாட்டின் தலைசிறந்த போராக இம்பால்–கோஹிமா தேர்வானது. வென்ற அந்தப் படையிலும் பெரும்பான்மை இந்தியச் சிப்பாய்களே. அவர்களைக் கூலிப்படை என்று ஏசுவதும், ஐ.என்.ஏ.வினரைத் துரோகிகள் என்று ஏசுவதும் ஒன்றுக்கொன்று சளைக்காத அநியாயம்.

தோட்டத்துக்குத் திரும்பியவர்கள்

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். சிங்கப்பூர் கடற்கரையில் போஸ் அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. நினைவுச் சின்னத்தை மவுண்ட்பேட்டன் உத்தரவில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீரர்கள் சீருடையைக் கழற்றிவிட்டு மறுபடி பால்மரம் வெட்டப் போனார்கள். ஆனால் போனவர்கள் பழைய ஆட்கள் இல்லை. போஸின் அரசில் பணியாற்றிய ஜான் திவி 1946 ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) முதல் தலைவரானார். ஜானகியும் அதன் தொடக்கத்தில் இருந்தார். கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். ஐ.என்.ஏ.வில் இருந்த எஸ்.ஏ. கணபதி மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1941-இல் கிள்ளானில் கேட்ட அதே கூலியும் அதே மரியாதையும் இப்போது நாடு முழுக்கக் கேட்கப்பட்டன.

1948 ஜூனில் மறுபடி அவசரகாலம். சம்மேளனம் தடை செய்யப்பட்டது. 1949 மே 4 அன்று புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு உயிர்ப்பிச்சை கேட்டும் பயன் இல்லை. இந்தியாவுக்கு விடுதலை கிடைத்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. அதற்காகப் படையில் நின்ற தமிழனை இங்கே கயிற்றில் தொங்கவிட்டார்கள்.

என் தீர்ப்பு இது: போர் தோற்றது. அதன் அரசியல் பலன் இந்தியாவுக்குப் போனது. மலாயாத் தமிழருக்குக் கிடைத்தது நிமிர்ந்து நிற்கும் பழக்கம்; அதைக்கூட மூன்றே ஆண்டில் நசுக்கப் பார்த்தார்கள், முழுக்க முடியவில்லை. இந்தியாவின் வெற்றிப் பட்டியலில் ஷா நவாஸும் சேகலும் தில்லானும் பெயரோடு இருக்கிறார்கள். ஐராவதிக் கரையில் மாண்ட தோட்டத்துப் பையன்கள் எங்கும் பெயராக இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் இந்தியப் பண்பாட்டு மையத்துக்கு நேதாஜி பெயர் சூட்டியது நல்ல காரியம், ஆனால் அது தலைவர் பெயர்.

பண்டமாரான், கிள்ளான், காப்பார், பந்திங் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு அலமாரியில் அந்தக் காலத்துச் சீருடைப் படமோ, நன்கொடை ரசீதோ, கைதி முகாம் காகிதமோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பெயர், ஊர், தோட்டம், சேர்ந்த ஆண்டு, திரும்பினாரா இல்லையா என்று பின்னால் எழுதி வையுங்கள். ஒரு படியைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் கொடுங்கள். பாட்டி இன்னும் பேசக்கூடிய நிலையில் இருந்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சீருடை போட்டவரைப் பற்றிக் கேட்கும்போதே, சயாமுக்குப் போனவர் யார் என்றும் கேளுங்கள்.